துண்டுக்குள்ளே கை இருக்கும்போது

மகனே,

இங்கு எல்லாரும் சுகம் என்று தொடங்குகிற வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். பொய் எழுத எனக்குக் கூச்சம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த ஒரு பொய்யை எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஒரு வரி எழுதுகிறேன், நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போய் பஸ் வருகிறதா என்று பார்க்கிறேன், திரும்பி வந்து எழுதின வரியை அடிக்கிறேன். "காலு சுளுக்கின மனுசன் மாதிரியா இருக்கீங்க? காலுல சக்கரம் கெட்டின மனுசன் மாதிரில்லா இருக்கீங்க" என்று உன் சித்தி காப்பித் தம்ளரை எட்டவே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கிட்ட வைத்தால் தட்டிவிடுவேனாம். கவரை ஒட்டாமலேதான் அனுப்புகிறேன். தபால்காரரில் தொடங்கி மதுரையில் உன் அறையில் கூடத் தங்கியிருக்கிற பையன்கள் வரை யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும். பழைய படக்கதை வாங்கப் புறப்படுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். திட்டு மட்டும் உனக்கு.

நீ என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டாலும் பள்ளிக்கூடத்தில் தகப்பனார் கையெழுத்துப் போடுகிற இடத்தில் போட்டது இந்தக் கைதான். அதனால் நீ செய்கிற புண்ணியத்தில் எனக்குப் பாதி, பாவத்தில் முழுசு. ரதவீதியில் சோடாக் கடை வைத்திருக்கிற சாதாரண மனிதன் என்று என்னை ஊரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும். பத்திரிகைகளில் வருகிற படக்கதைகளை வாரா வாரம் கத்தரித்து, பசை போட்டு, அட்டை வைத்து பைண்டு பண்ணிச் சேர்க்கிற ராஜ்ஜியத்துக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் சக்கரவர்த்தி. கம்பவுண்டர் மாமா எதிரி நாட்டு அரசர். இருபது வருஷமாக எங்கள் யுத்தம் நடக்கிறது. ஜெர்மன்காரன் யுத்தம் அதற்கு நடுவே வந்து, ஆரம்பித்து, முடிந்தே போய்விட்டது. எங்களுடையது முடியவில்லை. முடிந்துவிடுமோ என்றுதான் இப்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நீ எழுதின கடிதத்தைப் பார்த்தேன். "கரிவலத்துக்குப் போனேன், பகிரங்கமாக அதிக விலை கேட்டேன், பெட்டியை வாங்கினேன், அங்கிருந்தே மதுரைக்கு வந்துவிட்டேன். ஒளிவுமறைவு இல்லாமல் நியாயமாகத்தானே நடந்தேன்? கம்பவுண்டர் மாமா ஏன் ஒன்றும் பேசாமல் போனார்?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வி நல்ல கேள்வி. மில் ஆபீசில் உனக்குச் சம்பளம் கொடுப்பது தகும். ஆனால் கால் சுளுக்கி நான் வர முடியாத அன்றைக்கு, கரிவலம்வந்தநல்லூரில் டிராயிங் மாஸ்டர் சேர்த்துவைத்த படக்கதைப் பெட்டியை அவர் மருமகன் விற்ற முற்றத்தில் என்ன நடந்தது என்பதை உன் கண்ணால் பார்த்துவிட்டு நீயே புரிந்துகொள்ளவில்லை. அங்கே நின்ற பனவடலிசத்திரத்து அண்ணாச்சி வந்து சொல்லி எனக்குப் புரிந்தது.

முதலில் விலை பேசத் துண்டு போடுகிற முறை எப்படி வந்தது என்று கேள். யுத்தம் முடிந்த புதிதில், பட்டாளத்திலிருந்து திரும்பின தன் தம்பி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விட்டுப்போன கலர்ப் படப் புத்தகம் கொண்டுவந்து போட்டிருக்கிறான் என்று பனவடலிசத்திரத்து அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். நிலம் நீச்சு, ஆட்டுக்கிடை என்று வாழ்கிற மனிதர். அவருக்கு அந்தப் பெட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நானும் கம்பவுண்டரும் ஒரே பஸ்ஸில் போய் இறங்கினோம். பெட்டியைத் திறந்ததுதான் தாமதம். நான் ஒரு விலை சொல்ல, அவர் ஒரு விலை கத்த, நான் அதற்கு மேலே கத்த, அந்தச் சத்தத்தில் கிடையில் கிடந்த ஆடுகள் எழுந்து கோவில்பட்டி வரைக்கும் ஓடின. அங்கே போய்த்தான் மூச்சு வாங்கின என்று கேள்வி. அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்.

"ஏ, நிப்பாட்டுங்க வே! சந்தையில மாடு பிடிக்குதவனே துண்டைப் போட்டு, கையைப் பிடிச்சு, மரியாதையா விலை பேசுதான். புஸ்தகம் வாசிக்குத பெரிய மனுசங்க நீங்க. இப்பிடியா தெருவுல நாயி மாதிரி கெடந்து கொலைப்பீங்க?"

தோளில் கிடந்த துண்டை உருவி என் கைமேல் போட்டார். உள்ளே தன் கையை விட்டு, "விரலைப் பிடிச்சு விலையைச் சொல்லும்" என்றார். நான் சொன்னேன். என்னைத் தள்ளிவிட்டு அடுத்துக் கம்பவுண்டரைக் கூப்பிட்டார். அவர் கை துண்டுக்குள் இருந்தபோது என்னை வேப்பமரத்தைப் பார்க்கச் சொன்னார். அன்றைக்குத்தான் வேப்பமரத்தில் இத்தனை இலை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கடைசியில் எங்கள் இரண்டு பேர் விலையையும் விரலால் கேட்டுப் பார்த்த அண்ணாச்சி, "இதுக்கு இம்புட்டு மதிப்பா இருக்கு?" என்று பெட்டியை மூடித் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். அன்று முதல் எங்களுக்கு மூன்றாவது போட்டிக்காரர் அவர்தான். எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டார், படத்தைப் பார்த்தே அழுவார், சிரிப்பார். ஆனால் அவர் போட்டுவைத்த துண்டு முறை மட்டும் அன்றிலிருந்து எங்களுக்குச் சட்டம்.

நாங்கள் என்னமோ தருமர் பரம்பரை என்று நினைத்துவிடாதே. பொய் சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம். நடுவில் பத்துப் பக்கம் கரையான் தின்றிருக்கிறது என்று முகத்தைச் சுளிக்கலாம். "இதையா பார்க்க வந்தோம்" என்று கொட்டாவி விடலாம். கண் பெட்டிமேல் இருக்க, வாயால் மழை பெய்யுமா என்று கேட்கலாம். எதிராளியை ஊர் மாற்றி அனுப்பலாம். ஒரு தடவை கம்பவுண்டரிடம், ராயகிரியில் ஒரு வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதாம் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டேன். அப்படி ஒரு வீடே கிடையாது. மனுஷன் முதல் பஸ்ஸில் போனவர், பொழுது சாய என் கடைக்கு வந்து நின்றார். தலையில் ஒரு புத்தகக் கட்டு. ராயகிரியில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார், ஒரு வீட்டில் நிஜமாகவே இருந்திருக்கிறது! ஒரு கலர் சோடாவை உடைக்கச் சொல்லி நிதானமாகக் குடித்தார். பிறகு சொன்னார்: "தகவலுக்கு ரொம்ப உபகாரம் வே. இனிமே எங்கெங்க இல்லைன்னு தெரியுதோ, அங்கெல்லாம் என்னைய அனுப்பிவையும்." நான் அந்த ராத்திரி சாப்பிடவில்லை. உன் சித்தி எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து அவரிடமே மருந்து வாங்கப் போனாள்.

இதெல்லாம் செல்லும். துண்டுக்குள்ளே ஒருத்தர் கை இருக்கும்போது வாயைத் திறப்பது மட்டும் செல்லாது. நீ திறந்தாய். டிராயிங் மாஸ்டர் மருமகன் கையும் கம்பவுண்டர் கையும் துண்டுக்குள் இருந்தபோது, மூன்றடி தள்ளி நின்று உன் விலையை உரக்கச் சொன்னாய். அந்த மருமகன் வெளியூர்க்காரன், அவனுக்கு நம் முறை தெரியாது. கையை உருவிக்கொண்டு, முற்றத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "அப்பிடியா? இவரு இவ்வளவுதானே சொல்லுதாரு" என்று கம்பவுண்டர் பிடித்த தொகையைச் சொல்லிவிட்டான்.

அந்தத் தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பனவடலி அண்ணாச்சியும் என்னிடம் சொல்லவில்லை. "சின்னத் தொகைதான் வே, அதை விடும்" என்று சொல்லித் தரையைப் பார்த்தார். மகனே, துண்டு எதற்கு? விலையை ஒளிப்பதற்கு என்று நீ நினைத்தாய். அதிகமாகக் கொடுக்கிறவனுக்குத் துண்டு எதற்கு, அவன் மைக் வைத்துச் சொல்லலாம். குறைவாகக் கொடுக்க முடிந்தவனுக்காகத்தான் துண்டு. வாங்க முடியாமல் போனவன் எவ்வளவுக்கு மேல் ஏற முடியாமல் போனான் என்பது, விற்கிறவனுக்கும் அவனுக்கும் நடுவே நாலு முழத் துணிக்குள் அடங்கிவிட வேண்டும். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரக்கு சரியில்ல, நான் விட்டுட்டேன்" என்று பஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு வரலாம். கேட்கிற நாமும் ஆமாம் என்று சொல்லலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கையில் இருந்ததைப் பெண் கல்யாணத்தில் கரைத்துவிட்ட மனுஷர். மாஸ்டர் வீட்டுப் பெட்டிக்காக எங்கெங்கே பிடித்து எதை எதை நிறுத்திச் சேர்த்தாரோ. அதை ஊர் முற்றத்தில் சொல்ல வைத்துவிட்டாய். நியாயமாக நடந்தாய், அதில் சந்தேகமில்லை. தராசுகூட நியாயமாகத்தான் நடக்கிறது. அதை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

இத்தோடு போயிற்றா? இல்லை. இரண்டாவது முறையையும் முறித்தாய். பெட்டி யாருக்கு அமைந்தாலும், தோற்றவருக்குத்தான் முதல் வாசிப்பு. வாங்கினவனுக்கு ஆயுசு முழுக்க இருக்கிறது, அவன் காத்திருக்கட்டும் என்பது கணக்கு. ஒரு தடவை நான் ஜெயித்த பைண்டைக் கம்பவுண்டர் கொண்டுபோய், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் வீதம் வாசித்தார். வேண்டுமென்றேதான். அவர் முடிப்பதற்குள் எனக்கு மீசை நரைத்தது. கேட்டால், "நிதானமா வாசிச்சாத்தான்யா ஜீரணமாகும்" என்று மருந்து சொல்கிற மாதிரி சொல்வார். திரும்பி வந்தபோது கிழிந்திருந்த மூலைகளெல்லாம் ஆஸ்பத்திரி மெல்லிய துணி வைத்து ஒட்டப்பட்டிருந்தன. நீ என்னவென்றால் பெட்டியை அப்படியே ரயிலில் ஏற்றிவிட்டாய்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியுமோ என்னமோ. சிவப்புக் காலிகோத் துணி முதுகு போட்ட பைண்டு ஒன்று இருக்கும், பார். சர்க்கஸ்காரன் ஒருத்தன் கயிற்றில் தொங்க, கூடப் பிறந்தவனே மேலே நின்று அந்தக் கயிற்றை அறுக்கிற கதை. யுத்தக் காலத்தில் வாரா வாரம் வந்தது. காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகை அப்பள கனத்துக்கு மெலிந்து போயிருந்த சமயம். கம்பவுண்டர் ஒரு வாரம் விடாமல் சேர்த்தார், கடைசி வாரம் தவிர. அந்த வாரம் ஊரில் வாந்திபேதி. கோயில் புற்றுமண்ணைத் தின்றுவிட்டு அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்த கூட்டம் வாசலைத் தாண்டித் தெரு முனை வரை நின்றது. பொடி மடித்துக் கொடுக்கக் காகிதம் இல்லை. மனுஷர் பையில் கை விட்டார், கிடைத்ததை எடுத்தார், கிழித்தார், மடித்தார், கொடுத்தார். கூட்டம் போன பிறகுதான் தெரிந்தது, சர்க்கஸ்காரனின் முடிவு பொட்டலம் பொட்டலமாக ஊருக்குள் போய்விட்டது என்று. நோயாளி வீடு வீடாகப் போனார். "வயிறு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, "அந்தக் காயிதத்தை எங்க போட்டீக?" என்று கேட்டார். இவ்வளவு அக்கறையான கம்பவுண்டர் உலகத்திலேயே இல்லை என்று ஊர் மெச்சியது. திரும்பக் கிடைத்தது ஒரே ஒரு துண்டுக் காகிதம். அதில் ஒரு கை, கொஞ்சம் கயிறு.

முடிவு எனக்குத் தெரியும். அந்த வாரமே சலூனில், ஒரு கன்னம் சவரமாகி மறு கன்னம் நுரையோடு இருக்கும்போது வாசித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் தோற்றதாக ஆகும். நான் சொன்னதும் இல்லை. சொன்னால் கொலைக்குச் சமம். இப்போது அந்த முடிவு, மாஸ்டர் முழுசாகச் சேர்த்த பைண்டில், உன் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அவர் வருகிற திங்கட்கிழமை ரயிலேறிப் பம்பாயில் மகள் வீட்டோடு போய்விடுகிறார். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. நான் ஏன் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் அலைகிறேன் என்று இப்போது தெரிகிறதா?

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. சோடாப் பெட்டிமேல் ஏறிப் பரணில் புத்தகக் கட்டு எடுக்கப் போய் நான் விழுந்த நாளிலிருந்து கட்டுப் போடுவது அவர்தானே. முன்பெல்லாம் கட்டுகிற நேரம் பூராவும் கச்சேரி நடக்கும். "உம்ம கனத்துக்குப் பூமி பிளக்காம இருந்துச்சே வே" என்பார். "நீரு கட்டுன கட்டுக்கு வந்த ரெண்டு காலும் மயானத்துலல்லா இருக்கு" என்பேன். கரிவலம் போய் வந்த மறுநாளும் வந்தார். ஒரு நாள் தவறவில்லை. வருகிறார், "காலை நீட்டும்" என்கிறார், கட்டுகிறார், எழுந்து போகிறார். காப்பி ஆறிப் போகிறது. உன் சித்தி அதை எனக்கே கொடுக்கிறாள். ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். (கவர் ஒட்டவில்லை, ஆகவே ஊரோடும் இருக்கட்டும்.) கால் போன வாரமே சரியாகிவிட்டது. நான் நொண்டுவது அவர் வரவேண்டும் என்பதற்காக. எத்தனை கால் பார்த்த கை அது, அதற்குத் தெரியாதா? தெரிந்தும் வந்து கட்டுகிறார். கட்டிவிட்டுப் பேசாமல் போகிறார்.

நேற்று கட்டி முடித்துவிட்டு உடனே எழுந்திருக்கவில்லை. நான் விட்டேனா, பிடித்துக்கொண்டேன்.

"பம்பாய்க்கு என்ன வே கொண்டு போறீரு?"

"உடுப்பு. வேறென்ன."

"உம்ம பைண்டுப் பொட்டி?"

"அங்க அதுக்கு எங்க இடம் இருக்கு? மருமகப்பிள்ளை வீடு ஒத்த ரூமு. பொட்டியை நீரே வச்சிக்கிடும்."

மகனே, இருபது வருஷமாக எந்தப் பெட்டிக்காக நான் தூக்கத்தில்கூடப் பல்லைக் கடித்தேனோ, அதை மனுஷர் கட்டுத் துணியில் மிச்சம் இருந்ததைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"சும்மா வாங்க நான் என்ன பண்டாரமா?" என்றேன். "துண்டைப் போடும் வே. விலை பேசி வாங்குதேன்."

வாசல் வரை போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "துண்டா? அது உங்க வீட்டுல எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். நான் எத்தனையோ விதமாகப் பதில் யோசித்தேன், இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வாய்ச் சவடாலுக்குப் பெயர் போன உன் சித்தப்பா ஒரு முழு ராத்திரி வாயடைத்துக் கிடந்தார் என்பதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். உன் சித்தி நம்புகிறாள். நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. லீவு கேள். கொடுக்காவிட்டால் சித்தப்பா சாகக் கிடக்கிறார் என்று சொல். இந்தப் பொய்யும் செல்லும். பெட்டியைப் பார்சலில் போட்டுவிடாதே, நீயே தூக்கிக்கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே இறங்கு. ஆடித்தபசுத் திருவிழாக் கடைகள் இன்னும் பிரித்தபாடில்லை, கூட்டத்தில் வேடிக்கை பார்த்து நிற்காதே. நம் வீட்டுக்கு வராதே. நேரே அவர் வீட்டுக்குப் போ. மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே. அவருக்கு அது பிடிக்காது, எழுந்து உள்ளே போய்விடுவார். ஊரார் முன்னால் நடந்ததை ஒரு வார்த்தை எடுக்காதே. எடுத்தால் இன்னொரு தரம் நடந்த மாதிரி. பெட்டியைக் கீழே வை. "மாமா, முதல் வாசிப்பு உங்களுக்கு" என்று மட்டும் சொல். வேண்டாம் என்பார். பிறகு நாய் வளர்க்கிறாயா, மில்லில் போனஸ் உண்டா என்று சம்பந்தமில்லாமல் கேட்பார். பதில் சொல். நடுவில் உன் கண்ணை எடுத்துத் தெருவில் வை. அவர் சிவப்பு முதுகுப் பைண்டை எடுக்கும்போது நீ பார்க்கக் கூடாது.

ஒரு நாளில் முடிக்க மாட்டார் என்று நினைக்கிறாயா? இந்தத் தடவை முடிப்பார். பக்கத்துக்கு ஒரு நாள் என்கிற ஜம்பமெல்லாம் ரயில் டிக்கெட் எடுக்காதவர்களுக்கு. நீ அவர் வாசலிலேயே உட்கார்ந்திரு. கடைசிப் பக்கம் புரண்ட சத்தம் கேட்டாலும் உள்ளே தலையை நீட்டாதே. நீ அந்தக் கதையை வாசித்திருப்பாய், எனக்குத் தெரியும், என் வளர்ப்பு. ஆனாலும் வாசித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் வெளியே வந்து, என்ன ஆனது தெரியுமா என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ வாயைப் பிளந்து கேட்க வேண்டும். இத்தனை வருஷம் காத்திருந்த மனுஷருக்குக் கதை தெரிந்த ஆள் ஒருத்தன் போதாது, தெரியாத ஆள் ஒருத்தனும் வேண்டும்.

அதற்கப்புறம் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வீட்டுப் படியேறுவார். ஏறியாக வேண்டும். நான் அவர் பெட்டிக்கு விலை கேட்பேன். அவர் ஒரு அநியாயமான விலையை என் விரலில் பிடிப்பார். நான் கரையான் என்பேன், கிழிசல் என்பேன், பசை நாற்றம் என்பேன், மயக்கம் போட்டு விழுவேன். அவர் இறங்க மாட்டார், நான் ஏற மாட்டேன். திங்கட்கிழமை ரயில் ஊதுகிற வரைக்கும் எங்கள் கை துண்டுக்குள்ளேயே இருக்கட்டும். நீ பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து, வேப்பமரத்தைப் பார்.

உன் சித்தப்பா